நட்பு நாட்டின் விடுதலை நாள்: தீர்மானமா, வாழ்த்துக் குறிப்பா, கொடியேற்று விழாவா?

மலேசியா விடுதலை பெற்று 2027 ஆகஸ்ட் 31 அன்று 70 ஆண்டு நிறைகிறது. 2028 பிப்ரவரி 4இல் இலங்கைக்கு 80, மார்ச் 12இல் மொரீஷியஸுக்கு 60. சிங்கப்பூருக்கு 2030 ஆகஸ்ட் 9 அன்று 65. இவற்றில் பல நெல்லைச் சீமைக்குப் பழகிய நாடுகள். கடையநல்லூர்க்காரர்கள் சிங்கப்பூரில் 1941லேயே தங்களுக்கென்று ஒரு சங்கம் தொடங்கிவிட்டார்கள். வ.உ.சி. 1906இல் ஆரம்பித்த சுதேசிக் கப்பல் கம்பெனி கப்பல் விட்டது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே. தூத்துக்குடி அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. ஆகவே இப்படியொரு நிறை ஆண்டு நெருங்கும்போது, "நம்ம மன்றத்துல ஒரு வாழ்த்துத் தீர்மானம் போடுங்க" என்று மாமன்ற உறுப்பினரிடமும் சட்டமன்ற உறுப்பினரிடமும் ஊர்ச் சங்கங்கள் போய் நிற்பது இயல்பு.

கோரிக்கையில் குறையில்லை. அதற்கு எந்த வடிவம் கொடுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். வடிவத்தைப் பொறுத்து வேலையும் மாறும், ஆபத்தும் மாறும்.

முதலில் அதிகார எல்லை. வெளிநாட்டு உறவு அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் ஒன்றியப் பட்டியலின் 10ஆம் இனம். சட்டமன்றமோ மாநகராட்சியோ கிராம சபையோ அதில் எதையும் முடிவு செய்ய முடியாது. வாழ்த்தலாம், கருத்துச் சொல்லலாம். சட்ட வலு இல்லாத வாழ்த்துக்கு இருக்கும் மதிப்பெல்லாம் மூன்று விஷயத்தில் அடங்கும்: அவையினர் அத்தனை பேரும் ஒத்துப்போக வேண்டும், விவரம் பிழையில்லாமல் இருக்க வேண்டும், உரிய நாளில் போய்ச் சேர வேண்டும். இந்த மூன்றையும் உறுதியாகச் செய்ய முடிகிற மிகச் சிறிய வடிவத்தைத் தேர்ந்தெடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து.

தனித் தீர்மானம்

மூன்று வடிவங்களில் கனமானது இது. சட்டமன்றத்தில் அரசினர் தனித் தீர்மானமாக வரும். மாமன்றத்தில் கூட்டப் பொருளாக வைத்து நிறைவேற்றப்படும். தீர்மானப் புத்தகத்தில் எண்ணோடு பதிவாகும், சான்றிட்ட நகல் அனுப்பலாம், பத்து வருஷம் கழித்தும் எடுத்துக் காட்டலாம். வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்ச் சங்கங்கள் இதைத்தான் விரும்பும்; கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைக்க ஒரு தாள் கிடைக்கிறது அல்லவா.

இதன் பலவீனமும் அங்கேதான். தீர்மானம் என்றால் எதிர்க்கலாம், திருத்தம் கொடுக்கலாம், வெளிநடப்பு செய்யலாம். திருநெல்வேலி மாமன்றத்தில் 55 வார்டு. பத்துப் பேர் எழுந்து வெளியே போனால் மறுநாள் செய்தி வெளிநடப்பைப் பற்றித்தான் வரும். வாழ்த்து அவமதிப்பாக மாறிவிடும். ஆகவே மாமன்றத்தின் கட்சிக் குழுத் தலைவர்கள் அத்தனை பேரிடமும் வரைவைக் காட்டி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிய பிறகே பொருளாகச் சேர்க்க வேண்டும். ஒருவர் தயங்கினாலும் தீர்மானத்தைக் கைவிட்டு அடுத்த வழிக்குப் போய்விடுவது நல்லது. பெரும்பான்மை இருக்கிறதே என்று கொண்டுபோவது இந்த வேலைக்குப் பொருந்தாது.

வரைவு எழுதுகிறவர்களுக்கு மக்களவையின் நடைமுறை விதிகள் நல்ல அளவுகோல். தீர்மானம் ஒரே ஒரு பொருளைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வாதம், ஊகம், குத்தல், பழி எதுவும் கூடாது என்கின்றன அவை. வாழ்த்துத் தீர்மானத்தில் இதை மீறத் தூண்டுவது கடைசிப் பத்தி. "...வாழ்த்துகிறது; மேலும் ஒன்றிய அரசை வலியுறுத்துகிறது" என்று ஒரு கோரிக்கை ஒட்டிக்கொள்ளும். விமானச் சேவை வேண்டும், விசா எளிதாக வேண்டும் என்பதெல்லாம் நியாயமான கோரிக்கைகளே. அவற்றைத் தனித் தீர்மானமாக வேறொரு நாளில் கொண்டுவரலாம். வாழ்த்தோடு சேர்த்தால் படிக்கிறவருக்கு வாழ்த்து முன்னுரையாகவும் கோரிக்கை விஷயமாகவும் தெரியும்.

விவரப் பிழைகள் பெரும்பாலும் தேதியிலும் எண்ணிக்கையிலும் வருகின்றன. இந்தியா 2022 ஆகஸ்ட் 15இல் 75 ஆண்டுகளை நிறைவு செய்தது. கொண்டாடியது 76ஆவது சுதந்திர தினம். இலங்கையில் நிறைவுக் கணக்கே வழக்கு: 1998இல் 50 என்றார்கள். "80 ஆண்டு நிறைவு" என்று எழுதினால் எங்கும் பொருந்தும். "80ஆவது விழா" என்றால் அந்த நாட்டுக் கணக்கைப் பார்த்துவிட்டு எழுத வேண்டும். மலேசியாவில் இன்னொரு சிக்கல். 1957 ஆகஸ்ட் 31இல் விடுதலை பெற்றது மலாயா. மலாயாவோடு சபா, சரவாக், சிங்கப்பூர் சேர்ந்து மலேசியா உருவானது 1963 செப்டம்பர் 16இல். "1957இல் மலேசியா பிறந்தது" என்று எழுதினால் சபா, சரவாக் பக்கத்தவர்களுக்கு உறுத்தும். வங்காளதேசத்துக்கு விடுதலை நாள் மார்ச் 26, வெற்றி நாள் டிசம்பர் 16. இந்தியா அந்த நாட்டை அங்கீகரித்ததாக இந்திரா காந்தி நாடாளுமன்றத்தில் அறிவித்தது 1971 டிசம்பர் 6. மூன்றும் வேறு வேறு. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போடக் கூடாது.

ஆள் பெயர்களைத் தவிர்ப்பது நலம். இன்று பதவியில் இருப்பவர் தீர்மானம் போய்ச் சேரும்போது இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. வங்காளதேசத்தில் 2024 ஆகஸ்ட்டில் ஒரே நாளில் ஆட்சியே கவிழ்ந்தது. பழைய தலைவர்கள் பெயரிலும் வம்பு உண்டு. அதே நாட்டில் விடுதலையை முதலில் அறிவித்தவர் யார் என்பதே இரண்டு கட்சிகளுக்கு இடையே தீராத வழக்கு. நாட்டின் முறையான பெயர், தேதி, "அந்நாட்டு மக்களுக்கு" என்ற சொல் இவை போதும். இலங்கை சனநாயக சோசலிசக் குடியரசு, சிங்கப்பூர் குடியரசு, வங்காளதேச மக்கள் குடியரசு என்று முழுப் பெயரும் ஒரு முறை வர வேண்டும். மலேசியாவுக்கு முறையான பெயரும் மலேசியாதான். "மலேசியக் குடியரசு" என்று எழுதிவிட்டால் பெரும் பிழை, அங்கே மன்னராட்சி.

வாழ்த்தைச் சட்டமாகவும் அறிவிப்பாகவும் குவிப்பதில் எவ்வளவு நேரம் கரையும் என்பதற்கு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை ஒரு சாட்சி. குறிப்பிட்ட நாளையோ வாரத்தையோ ஏதோ ஒன்றின் நினைவாக அறிவிக்கும் மசோதாக்கள் அங்கே பெருகிப் போய், 1995இல் விதி போட்டு அவற்றை நிறுத்தினார்கள். நட்பு நாடுகளின் ஆண்டு நிறைவைப் பாராட்டும் தீர்மானங்கள் இன்னும் வருகின்றன.

நாடாளுமன்றம் வழியாகப் போக நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தனி உறுப்பினர் தீர்மானத்துக்கு மக்களவையில் இடம் வெள்ளிக்கிழமைப் பிற்பகலில், அதுவும் குலுக்கலில் பெயர் வந்தால்தான். குறித்த தேதிக்கு அதை நம்பி உட்கார முடியாது.

அவைத் தலைவரின் வாழ்த்துக் குறிப்பு

கூட்டம் தொடங்கியதும் மேயரோ பேரவைத் தலைவரோ எழுந்து ஒரு நிமிஷத்துக்குள் வாசிக்கும் குறிப்பு இது. விவாதமும் வாக்கெடுப்பும் இல்லை. உறுப்பினர்கள் மேசையைத் தட்டி வரவேற்பார்கள், நடவடிக்கைக் குறிப்பேட்டில் பதிவாகும். 60 முதல் 80 சொல் போதும். எதிர்ப்பவர்கள் இருந்தாலும் ஒரு நிமிஷ வாழ்த்தை மறிக்க யாரும் பெரிதாக முனைய மாட்டார்கள். அப்படி முனைந்தாலும் வாக்கு எண்ணிக்கை என்று ஒன்று பதிவாகாது.

நகல் அனுப்பவும் தடையில்லை. நடவடிக்கைக் குறிப்பின் அந்தப் பகுதியை ஆணையர் சான்றிட்டு, ஆங்கில மொழிபெயர்ப்போடு மாவட்ட ஆட்சியர் வழியாக அரசின் பொதுத் துறைக்கு அனுப்பினால், அங்கிருந்து உரிய தூதரகத்துக்குப் போகும். நேராகத் தூதரகத்துக்குக் கடிதம் எழுதுவது எளிது என்று தோன்றும். எழுதினால் பதில் வரும், அழைப்பு வரும், அப்புறம் அந்தக் கடிதப் போக்குவரத்துக்கு யார் அனுமதி தந்தது என்ற கேள்வியும் வரும்.

இதில் தவறக்கூடியது நாள். விடுதலை நாளன்றே மாமன்றம் கூடும் என்று சொல்ல முடியாது. 2028 மார்ச் 12 ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு முந்திய கூட்டத்தில் வாசிப்பது சரி, பிந்திய கூட்டத்தில் வாசிப்பது பிறந்தநாள் முடிந்த பிறகு சொல்லும் வாழ்த்து. தமிழ்நாட்டில் தேர்தல் அறிவிப்புகள் வரும் காலமும் இதுவே: 2021இல் பிப்ரவரி 26, 2024இல் மார்ச் 16. நடத்தை விதி அமலுக்கு வந்தால் மாமன்றத்தைக் கூட்டுவதே கேள்விக்குறி. பிப்ரவரி, மார்ச் தேதிகளுக்கு ஜனவரிக் கூட்டத்திலேயே குறிப்பை வாசித்துப் பதிவு செய்துவிடுவது புத்திசாலித்தனம்.

கொடியேற்று விழா

ஊர்க் கண்ணுக்கு விழாதான் பெரிது. பிழைக்கு அதிக இடம் கொடுப்பதும் அதுதான். தூதரக அதிகாரி வருவது எழுத்தில் உறுதியானால் மட்டும் இதில் இறங்கலாம்; அந்த நாட்டுப் பிரதிநிதி இல்லாமல் அந்த நாட்டுக் கொடியை நாம் ஏற்றிக்கொள்வதில் பொருளில்லை.

இந்தியக் கொடி விதித் தொகுப்பு 2002 சொல்வது: பிற நாட்டுக் கொடிகளோடு வரிசையாக நிற்கும்போது தேசியக் கொடி வலது ஓரத்தில். இந்த "வலது" கொடியின் வலது, அதாவது மேடையில் பார்வையாளரைப் பார்த்து நிற்பவரின் வலக்கைப் பக்கம். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அது இடது ஓரம். பந்தல்காரர் எதிரே நின்று பார்த்து நட்டால் மாறிப்போகும். விழாக்களில் எளிதில் நடந்துவிடும் கொடித் தவறு இது. கம்பம் தனித்தனியே, உயரம் சமமாக. நம் கொடி முதலில் ஏறி, கடைசியில் இறங்க வேண்டும். சுவரில் இரண்டு கொடிகளைக் குறுக்காக வைத்தால் நம் கொடி அதன் வலப்பக்கம், அதன் கம்பு மற்றதன் கம்புக்கு முன்னால்.

அளவிலும் கவனம் வேண்டும். நம் கொடியின் நீள அகலம் 3:2. சிங்கப்பூர், மொரீஷியஸ் கொடிகளும் அப்படியே. மலேசியா, இலங்கை 2:1, வங்காளதேசம் 5:3. நம் கொடி 900க்கு 600 மில்லிமீட்டர் என்றால் மலேசியக் கொடியை 1200க்கு 600 என்று வாங்க வேண்டும். உயரம் சமமாக இருந்தால் கண்ணுக்குச் சமமாகத் தெரியும். நீளத்தைச் சமமாக்கினால் அவர்கள் கொடி குட்டையாகி, சிறுமைப்படுத்தியதுபோல் ஆகும். மேசைக் கொடிக்கு 150க்கு 100 போதும்.

கொடி வந்ததும் பெட்டியைப் பிரித்து விரித்துப் பாருங்கள். இலங்கைக் கொடியில் சிங்கம் இருக்கிறது, மலேசியக் கொடியின் மேல்மூலையில் பிறையும் 14 முனை நட்சத்திரமும் இருக்கின்றன; தலைகீழானால் உடனே தெரியும். மொரீஷியஸ் கொடியில் படமே இல்லை. மேலிருந்து சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று நான்கு சமப் பட்டைகள். தலைகீழாக ஏற்றினால் அந்த நாட்டுக்காரர் ஒருவர் சொல்லும்வரை யாருக்கும் தெரியாது. கயிறு கட்டும் முன் கொடியின் மேல் ஓரத்தில் ஒரு நூல் முடிச்சுப் போட்டு வைத்துவிடலாம். வங்காளதேசக் கொடியின் சிவப்பு வட்டம் நட்டநடுவில் இருக்காது, கம்பத்துப் பக்கம் சற்றுத் தள்ளியிருக்கும். உள்ளூர் அச்சுக்கடையில் கொடுத்தால் "சரிபண்ணி" நடுவில் போட்டுவிடுவார்கள்.

நாட்டுப்பண்ணிலும் நாட்டுக்கு நாடு மரபு வேறு. சிங்கப்பூர்ப் பண்ணை மலாய் மூலத்தில்தான் பாட வேண்டும் என்பது அவர்கள் விதி. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பைப் பழக்கிப் பாட வைப்பது ஆசையால் செய்யும் பிழை. இலங்கைப் பண்ணுக்கோ அரசியலமைப்பிலேயே தமிழ் வடிவம் இருக்கிறது. 2016 பிப்ரவரி 4 அரசு விழாவில் அது பாடப்பட்டது, 2020இல் விடப்பட்டது. நெல்லையில் பாடுவதானால் தமிழ் வடிவமே முறை.

செலவு பற்றி ஒரே வார்த்தை: மாநகராட்சிப் பொது நிதியில் பந்தலும் சாப்பாடும் போட்டால் உள்ளாட்சித் தணிக்கையில் ஆட்சேபக் குறிப்பு நிச்சயம். ஊர்ச் சங்கமோ கல்லூரியோ நடத்தட்டும், மேயர் விருந்தினராகப் போகட்டும்.

பரிசு

மேலே சொன்ன எந்த வழியோடும் ஒரு பரிசைச் சேர்க்கலாம். இலங்கை விடுதலை பெற்றதை ஒட்டி பிரிட்டிஷ் காமன்ஸ் சபை 1949இல் அந்நாட்டுப் பிரதிநிதிகள் சபைக்கு ஒரு செங்கோல் கொடுத்தது. அந்தச் சமயத்தில் வாசித்த உரைகள் யாருக்கும் நினைவில்லை. செங்கோல் இன்றும் கொழும்பில் அவை கூடும்போது உள்ளே எடுத்துவரப்படுகிறது.

நெல்லையிடம் கொடுக்க இருப்பது பத்தமடைப் பாய். 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. தாமிரபரணிக் கரைக் கோரையைக் காயவைத்து, நீரில் ஊறவைத்து, இழை இழையாகக் கிழித்து நெய்கிற பட்டுப் பாய்க்கு வாரக்கணக்கில் ஆகும். மூன்று மாதம் முன்பே சொல்லி வைப்பது பாதுகாப்பு. பெயரும் ஆண்டும் நெய்யச் சொன்னால் எழுத்தைக் கட்டத் தாளில் வரைந்து கையெழுத்திட்டுக் கொடுங்கள். வளைவான தமிழ் எழுத்து நெசவில் படிப்படியாக உடையும், புள்ளி காணாமல் போகும். ஆகவே எழுத்து பெரிதாக, சொல் குறைவாக. அந்த நாட்டுக் கொடியையோ சின்னத்தையோ நெய்யவே கூடாது. பாய் என்றால் தரையில் விரித்து உட்காருவது. கொடியைக் காலடியில் போட்டதாக ஒரு படம் வெளியானால் வாழ்த்து மொத்தமும் வீண். மேல் ஓரத்தில் மூங்கில் சட்டமும் தொங்கவிட வளையமும் வைத்து, சுவரில் மாட்டும் பாயாகவே செய்யச் சொல்ல வேண்டும்.

கொடுப்பதற்குத் தடை குறைவு. வாங்குவதற்குத்தான் சட்டம் கடுமை. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010இல் "சட்டமன்றம்" என்ற சொல்லுக்குள் நாடாளுமன்றம், பேரவை மட்டுமல்லாமல் நகராட்சிகளும் ஊராட்சிகளும் வருகின்றன. வார்டு உறுப்பினரும் அந்த வரையறைக்குள் அடக்கம். பதில் மரியாதையாக அந்த நாட்டுக்கு வரச்சொல்லித் தங்குமிடம், பயணம் தந்தால் ஒன்றிய அரசின் முன் அனுமதி இல்லாமல் ஏற்கக் கூடாது. இது தெரியாமல் பெட்டி கட்டிவிடுகிறவர்கள் உண்டு.

தெருவுக்கு அந்த நாட்டின் பெயர் வைப்பது, இரண்டு ஊர்களைச் சகோதர நகரங்களாக்கும் ஒப்பந்தம் போடுவது இரண்டையும் விடுதலை நாளோடு முடிச்சுப் போட வேண்டாம். சென்னைக்கு ரஷ்யாவின் வோல்கோகிராடோடு 1966லும் அமெரிக்காவின் டென்வரோடு 1984லும் அப்படி உறவு ஏற்பட்டது. அதற்கு டெல்லியின் ஒப்புதல், வருஷக்கணக்கான வேலை எல்லாம் தேவை.

கிராம சபை? ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது, அதில் ஆகஸ்ட் 15 ஒன்று. சிங்கப்பூர், மலேசியா நாள்களுக்கு நடுவே அது விழுவதால் ஆசை வரும். தண்ணீர்த் தொட்டிக்கும் நூறுநாள் வேலைக்கும் பதில் கேட்க வெயிலில் வந்து உட்கார்ந்திருக்கும் மக்களின் நேரம் அது. தலைவர் இறுதியில் ஒரு வரி வாழ்த்துச் சொன்னால் போதும்.

இலங்கை மட்டும் தனிக் கணக்கு

மலேசியா, சிங்கப்பூர், மொரீஷியஸ் மூன்றுக்கும் எங்கள் தேர்வு ஒன்றே: தலைவரின் குறிப்பும் ஒரு பாயும், குழுத் தலைவர்கள் எல்லோரும் எழுத்தில் ஒப்பினால் நிறை ஆண்டில் மட்டும் தீர்மானம். இலங்கைக்கு இதே வழியை அப்படியே எடுத்துப் போட முடியாது.

1948 பிப்ரவரி 4இல் விடுதலை கிடைத்தது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், தோட்டத் தொழிலாளர்களான மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இரு நாடுகளும் செய்த ஒப்பந்தப்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தருவது என்று முடிவாகி, மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்படித் திரும்பிய குடும்பங்கள் தென்மாவட்டங்களிலும் இருக்கின்றன. பின்னால் போருக்குத் தப்பி வந்தவர்களுக்கான மறுவாழ்வு முகாம்களும் நெல்லை மாவட்டத்தில் உள்ளன. இவர்களுக்கு அந்தத் தேதி வேறு பொருள் தரும்.

சட்டமன்றமும் இரண்டு விதமாகப் பேசியிருக்கிறது. 2013 மார்ச் 27 தீர்மானம், இலங்கையை நட்பு நாடு என்று அழைப்பதை இந்தியா நிறுத்த வேண்டும் என்றது. 2022 ஏப்ரல் 29 தீர்மானம், பொருளாதார நெருக்கடியில் தவித்த அந்நாட்டு மக்களுக்கு 40,000 டன் அரிசி, 500 டன் பால்பவுடர், மருந்து அனுப்ப அனுமதி கேட்டது. அது ஒருமனதாக நிறைவேறியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் எந்தச் சொல்லில் அவை ஒன்றுபடும் என்பது தெரியும். அரசைப் பாராட்டும் வரியில் பிளவு வரும், மக்களை நோக்கிய வரியில் வராது.

ஆகவே 2028 பிப்ரவரி 4, வெள்ளிக்கிழமை. தீர்மானம் வேண்டாம், கொடி வேண்டாம். ஜனவரிக் கூட்டத்தில் மேயரின் குறிப்பு, இலங்கையின் எல்லா மக்களுக்கும் வாழ்த்தாக. அதில் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு வாக்கியம் கட்டாயம். வரைவைக் குழுத் தலைவர்களிடம் காட்டும் முன்பே முகாம்களில் இருப்பவர்களிடமும் தாயகம் திரும்பிய குடும்பங்களிடமும் வாசித்துக் காட்ட வேண்டும். அவர்கள் ஒரு சொல்லை மாற்றச் சொன்னால் மாற்றுவது, வேண்டாம் என்றால் அந்த ஆண்டு விட்டுவிடுவது.